மடிக்கணினியில் இணையம் இழுக்கிறதா? காசைக் கொடுக்கும் முன் காரணத்தைத் தேடுங்கள்!



ஒரு காலத்தில் தோட்டத்துப் பிள்ளை பள்ளிக்குப் போகச் சிலேட்டும் குச்சியும் போதும். பிறகு நோட்டுப் புத்தகம் வந்தது, பேனா வந்தது. இன்றோ நம் பிள்ளைகளின் புத்தகப் பையில் பாதி, கண்ணுக்குத் தெரியாத இணையத்தில் இருக்கின்றது. 2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து பள்ளிகள் அடைபட்டபோது இதை நாம் எல்லாரும் உணர்ந்தோம். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் சபா மாநிலத்து மாணவி ஒருவர், தேர்வு எழுத இணையத் தொடர்பு தேடி மரத்தின் மேல் ஏறி அமர்ந்த செய்தியை நாடே பேசியது.

பள்ளிகள் திறந்துவிட்டன, ஆனால் இணையத்தின் தேவை குறையவில்லை. வீட்டுப் பாடம் 'டெலிமா' தளத்தில் வருகிறது. எஸ்.பி.எம். முடித்த பிள்ளை மேற்படிப்புக்கு மனுச் செய்வதும், பி.டி.பி.டி.என். கல்விக் கடனுக்கு மனுச் செய்வதும் இணையம் வழியேதான். மனுவின் கடைசி நாளன்று இரவு பத்து மணிக்கு, திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால் பெற்றவர் மனம் என்ன பாடுபடும்!

இந்த நிலையில் பெரும்பாலான வீடுகளில் நடப்பது என்ன? ஒன்று, "நீ எந்நேரமும் படம் பார்த்துத்தான் லைன் போய்விட்டது" என்று பிள்ளையைத் திட்டுகிறோம். அல்லது, மாதம் இன்னும் முப்பது நாற்பது வெள்ளி கூடுதலான திட்டத்துக்கு மாறுகிறோம். அல்லது, கடைக்காரர் சொன்னார் என்று ஏதோ ஒரு கருவியை வாங்கி மாட்டுகிறோம். மூன்றிலும் ஒரு குறை உண்டு. நோய் எது என்று பாராமலேயே மருந்து கொடுக்கிறோம்!

காய்ச்சல் என்று மருந்தகத்துக்குப் போனால் முதலில் உடல் சூட்டைத்தானே அளக்கிறார்கள்? இணையத்துக்கும் அதே முறைதான். அதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பென்சில், ஒரு ஞாயிற்றுக்கிழமை இவை போதும்.

தண்ணீர்க் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள்

தோட்டத்தில் மேட்டில் ஒரு பெரிய தண்ணீர்த் தாங்கி இருக்கும். அங்கிருந்து லயத்து வாசல் குழாய் வரை ஒரு பெரிய குழாய் வரும். வாசல் குழாயிலிருந்து நம் குளியலறைத் தொட்டிக்கு நாமே ஒரு ரப்பர்க் குழாயைப் போட்டுக்கொள்வோம். தொட்டியில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்தால் என்ன செய்வோம்? முதலில் வாசல் குழாயைத் திறந்து பார்ப்போம். அங்கே தண்ணீர் கொட்டினால், குற்றம் நம் ரப்பர்க் குழாயில். அங்கேயும் சொட்டினால், குற்றம் தாங்கியில் அல்லது வெளிக்குழாயில்.

வீட்டு இணையமும் இப்படியே இரண்டு வழிகளைக் கடந்து வருகிறது. கோபுரத்திலிருந்தோ, தெருவில் வரும் கம்பியிலிருந்தோ நம் வீட்டிலுள்ள பெட்டி வரைக்கும் வருவது வெளிவழி. ரவுட்டர், மோடம் என்று பலவாறாக அழைக்கப்படும் அந்தப் பெட்டியை இக்கட்டுரையில் 'வைஃபை பெட்டி' என்றே சொல்வோம். அந்தப் பெட்டியிலிருந்து காற்றின் வழியே மடிக்கணினிக்கு வருவது உள்வழி. இதைத்தான் வைஃபை என்கிறோம். தமிழில் அருகலை என்றும் சொல்கிறார்கள். கைத்தொலைபேசியின் 'ஹாட்ஸ்பாட்' மூலம் கணினிக்கு இணையம் கொடுக்கும் வீடுகளில், அந்தத் தொலைபேசியே வைஃபை பெட்டி.

ஆக, கோளாறு இருக்கக்கூடிய இடங்கள் மூன்றே மூன்று: வெளிவழி, உள்வழி, மடிக்கணினி. இவற்றில் எது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

அளந்து பாருங்கள்

இணைய வேகத்தை அளக்கும் சோதனைத் தளங்கள் பல இலவசமாகவே இருக்கின்றன. 'ஸ்பீட் டெஸ்ட்' என்று தேடினால் கிடைக்கும். பொத்தானை அழுத்தினால் அரை நிமிடத்தில் இரண்டு எண்கள் வரும். ஒன்று இறக்கும் வேகம்; மற்றொன்று ஏற்றும் வேகம். பாடத்தைப் பார்ப்பதற்கு முதல் எண் முக்கியம். பிள்ளை வகுப்பில் பேசுவதற்கும், செய்த பாடத்தை ஆசிரியருக்கு அனுப்புவதற்கும் இரண்டாம் எண் முக்கியம். பலர் இரண்டாவதைப் பார்ப்பதே இல்லை.

இந்த எண்கள் 'மெகாபிட்' கணக்கில் வரும். கோப்புகளின் அளவோ 'மெகாபைட்' கணக்கில் இருக்கும். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆகவே, நொடிக்கு 10 மெகாபிட் வேகம் உள்ள வீட்டில் 100 மெகாபைட் காணொளியை இறக்க 10 நொடி ஆகாது. 80 நொடி ஆகும். இது கோளாறு அன்று, கணக்கு.

எவ்வளவு வேகம் வேண்டும்? முகம் பார்த்து நடக்கும் ஒரு வகுப்புக்கு, இறக்குவதிலும் ஏற்றுவதிலும் நொடிக்கு 3 மெகாபிட் இருந்தால் தாராளம். இரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் படித்தால் இரு மடங்கு. ஆகவே நூறு, இருநூறு என்று விளம்பரத்தில் வரும் எண்களைக் கண்டு மயங்க வேண்டியதில்லை.

இனி சோதனைக்கு வருவோம். வீட்டில் மற்ற கருவிகளை எல்லாம் சற்று நேரம் நிறுத்திவைத்துவிட்டு இப்படிச் செய்யுங்கள்:

முதல் சோதனை: மடிக்கணினியை வைஃபை பெட்டிக்குப் பக்கத்திலேயே, இரண்டு மூன்று அடி தூரத்தில் வைத்து அளந்து எழுதுங்கள்.

இரண்டாம் சோதனை: பிள்ளை படிக்கும் இடத்திலேயே மடிக்கணினியை வைத்து அளந்து எழுதுங்கள்.

மூன்றாம் சோதனை: அதே இடத்தில், அதே வைஃபையில், ஒரு கைத்தொலைபேசியைக் கொண்டு அளந்து எழுதுங்கள். தொலைபேசியின் சொந்த டேட்டாவை அடைத்துவிட மறக்காதீர்கள். இல்லையேல் வேறு எதையோ அளந்ததாகிவிடும்.

ஒவ்வொரு சோதனையையும் மூன்று முறை செய்து நடு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை அளந்தது தற்செயலாக இருக்கலாம்.

இப்பொழுது நோட்டைப் பாருங்கள். பெட்டிக்குப் பக்கத்தில் நல்ல வேகம், அறையில் மோசம் என்றால், குற்றம் உள்வழியில். அறையில் தொலைபேசிக்கு நல்ல வேகம், கணினிக்கு மட்டும் மோசம் என்றால், குற்றம் கணினியில். பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தும் எல்லாக் கருவிகளுக்கும் மோசம் என்றால், பெரும்பாலும் குற்றம் வெளிவழியில். சில வேளைகளில் பெட்டியே பழுதாகி இருக்கலாம்.

பெட்டிக்கும் கணினிக்கும் இடையே ஒரு 'லேன்' கம்பியைச் செருகி அளந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். தொலைபேசியின் ஹாட்ஸ்பாட்டைப் பயன்படுத்துவோர், சார்ஜ் செய்யும் யு.எஸ்.பி. கம்பியாலேயே தொலைபேசியைக் கணினியோடு இணைத்து, தொலைபேசியில் 'யு.எஸ்.பி. டெதரிங்' என்பதைத் திறந்துவிடலாம். அப்பொழுது வைஃபையே இடையில் இல்லை. கம்பியில் வேகம் வந்தால் குற்றவாளி வைஃபைதான்.

உள்வழியில் கோளாறு என்றால்

படிவம் ஐந்து மாணவி ஒருத்தியின் வீட்டில் நான் கண்டதைச் சொல்கிறேன். செங்கல் சுவர், துத்தநாகக் கூரை போட்ட தோட்டத்து வீடு. சிம் அட்டை போடும் வைஃபை பெட்டி கூடத்தில் இருந்தது. தாயார் தூசி படக்கூடாது என்று அக்கறையாக அதை இரும்பு அலமாரிக்குப் பின்னால், மீன் தொட்டிக்குப் பக்கத்தில் தரையோரமாக வைத்திருந்தார். "சார், அடுத்த மாசம் பெரிய பேக்கேஜுக்கு மாறப் போறோம். இவ வகுப்புல பேசுறது ஒன்னும் கேக்கலையாம்" என்றார் தந்தை. அந்தப் பெண்ணோ, தினமும் வகுப்பிலிருந்து விழுந்து விழுந்து, இனிமேல் சேரவே வேண்டாம் என்ற முடிவுக்கே வந்துவிட்டிருந்தாள்.

அளந்து பார்த்தோம். பெட்டிக்குப் பக்கத்தில் 18 மெகாபிட். பின்னறையில் அவள் மேசையில் 2. தொலைபேசியிலும் அங்கே 3-தான். பெரிய திட்டத்துக்கு மாறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பெட்டிக்குப் பக்கத்தில் இன்னும் ஏறியிருக்கும். அவள் மேசையில் அதே 2-தான் இருந்திருக்கும்! பெட்டியை எடுத்துச் சன்னலோரமாக, ஆள் உயரப் பலகையின் மேல் வைத்தோம். பெட்டிக்குப் பக்கத்தில் 24, அவள் மேசையில் 14. செலவு ஒரு காசும் இல்லை.

காரணம் என்ன? வைஃபை என்பது வானொலி அலை. இரும்பு அதைத் திருப்பி அடிக்கும். தண்ணீர் அதை விழுங்கும். ஆகவே இரும்பு அலமாரி, துத்தநாகத் தகட்டுத் தடுப்பு, பெரிய நிலைக்கண்ணாடி, தண்ணீர்ப் பீப்பாய், மீன் தொட்டி, குளிர்பெட்டி ஆகியவற்றுக்குப் பின்னால் பெட்டியை வைக்காதீர்கள். பலகைச் சுவர் அலையை ஓரளவு விடும். செங்கல்லும் கான்கிரீட்டும் அதிகம் தடுக்கும். பெட்டிக்கு ஏற்ற இடம், திறந்த வெளியாக, உயரமாக, வீட்டின் நடுவில். சிம் அட்டைப் பெட்டியாக இருந்தால் கோபுரம் இருக்கும் திசைச் சன்னலோரம்.

உணவைச் சூடாக்கும் 'மைக்ரோவேவ்' அடுப்பும் ஏறக்குறைய 2.45 கிகாஹெர்ட்ஸ் அலையில்தான் வேலை செய்கிறது. பழைய வகை வைஃபையும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைதான். புளூடூத் கருவிகளும் அதே அலை. அடுப்பை வைத்தவுடன் வகுப்பு அறுந்து போனால் ஆச்சரியப்படாதீர்கள். பெட்டியை அடுக்களையிலிருந்து தள்ளி வையுங்கள்.

இப்போதைய பெட்டிகள் பலவற்றில் இரண்டு அலைகள் உண்டு: 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ். முதலாவது தூரம் போகும், சுவரையும் ஓரளவு துளைக்கும். ஆனால் மெதுவானது, கூட்டமும் அதிகம். இரண்டாவது வேகமானது; ஆனால் தூரம் போகாது. வைஃபை பெயர்ப் பட்டியலில் உங்கள் பெயருக்குப் பின்னால் '5ஜி' என்று இன்னொரு பெயர் தெரிந்தால் அது இரண்டாவது அலை. தொலைபேசிக் கோபுரத்தின் 5ஜி வேறு, இது வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். பெட்டி இருக்கும் அறையில் படிப்பவர் 5-ஐயும், இரண்டு சுவர் தாண்டிப் படிப்பவர் 2.4-ஐயும் எடுத்து, இரண்டையும் அளந்து, எது நல்லதோ அதை வைத்துக்கொள்ளலாம்.

வரிசை வீடுகளில் இன்னொரு தொல்லை உண்டு. பத்து வீட்டில் பத்துப் பெட்டி இருந்தால், எல்லாரும் ஒரே வரிசையில் நின்று கத்துவதுபோல அலைகள் மோதிக்கொள்ளும். 2.4 அலையில் 1, 6, 11 என்ற மூன்று தடங்கள்தான் ஒன்றோடொன்று மோதாதவை. பெட்டியின் அமைப்புப் பக்கத்துக்குள் போய், பக்கத்து வீடுகள் பயன்படுத்தாத தடத்துக்கு மாற்றலாம். அந்தப் பக்கத்தின் முகவரியும் கடவுச்சொல்லும் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும். பக்கத்து வீடுகளின் தடத்தைக் காட்டும் இலவசச் செயலிகளும் உண்டு.

வைஃபையின் கடவுச்சொல் எத்தனை பேருக்குத் தெரியும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். விருந்தாளிக்குக் கொடுத்தது, பக்கத்து வீட்டுப் பையனுக்குப் போய், அவன் நண்பர்களுக்கும் போயிருக்கும். பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்ற பட்டியல் இருக்கும். தெரியாத பெயர்கள் இருந்தால் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். அண்டை அயலாருக்கு உதவுவது நல்லதுதான். பிள்ளையின் தேர்வு வாரத்தில் மட்டும் சற்றே கையை இறுக்கிக்கொள்ளலாம்.

வாரத்துக்கு ஒரு முறை பெட்டியின் மின்சாரத்தை நிறுத்தி, அரை நிமிடம் கழித்துப் போடுங்கள். நாள் கணக்கில் சூடேறிக் கிடந்த பெட்டி இதனால் பல நேரங்களில் தெளியும். ஆனால் பின்பக்கத்தில் ஊசி நுழையும் சிறு துளை ஒன்று இருக்கும். அதைக் குத்தாதீர்கள். அது எல்லா அமைப்பையும் அழித்துவிடும்.

மடிக்கணினியில் கோளாறு என்றால்

ஒரே மேசையில் தொலைபேசிக்கு 15 மெகாபிட், கணினிக்கு 2 என்றால், இணையத்தைத் திட்டிப் பயனில்லை. கணினிக்குள் வேறு யாரோ தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கிறார்கள்!

விண்டோஸ் கணினியில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள். 'டாஸ்க் மேனேஜர்' திறக்கும். அதில் 'நெட்வொர்க்' என்ற பத்தியை அழுத்தினால், இணையத்தை அதிகம் இழுக்கும் மென்பொருள் மேலே வந்து நிற்கும். பெரும்பாலும் அது விண்டோஸின் புதுப்பிப்பாகவோ, படங்களை மேகத்துக்கு ஏற்றும் சேமிப்புச் சேவையாகவோ இருக்கும். பல வாரம் மூடிக் கிடந்த மடிக்கணினியைத் தேர்வு நாளன்று திறந்தால், அத்தனை வாரப் புதுப்பிப்பும் ஒன்றாக இறங்கத் தொடங்கும். அளவோடு டேட்டா உள்ள வீட்டில் அதுவே மாதத்தின் பெரும் பங்கை விழுங்கிவிடும்.

இதற்கு வழி உண்டு. 'செட்டிங்ஸ்' பகுதியில் உங்கள் வைஃபை பெயரின் பண்புகளைத் திறந்தால் 'மீட்டர்ட் கனெக்ஷன்' என்ற பொத்தான் இருக்கும். அதைத் திறந்துவிட்டால், "இங்கே அளவோடுதான் தண்ணீர்" என்று கணினி புரிந்துகொண்டு பெரிய இறக்கங்களைத் தள்ளிப் போடும். ஆனால் புதுப்பிப்பை அடியோடு விட்டுவிடக் கூடாது. அது கணினிக்குப் போடும் தடுப்பூசி. வாரத்தில் ஒரு நாள், யாரும் படிக்காத நேரத்தில், பொத்தானை அடைத்துவிட்டு இறக்கிக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு பார்க்க வேண்டியவை: சார்ஜரைச் செருகிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள், மின்கலத்தை மிச்சப்படுத்தும் நிலையில் சில கணினிகள் வைஃபையின் பலத்தைக் குறைத்துவிடும். 'வி.பி.என்.' என்ற மென்பொருள் இருந்தால் நிறுத்துங்கள். திறந்து கிடக்கும் முப்பது பக்கங்களை மூடுங்கள். வைஃபை பெயரை மறக்கச் சொல்லி, கடவுச்சொல்லை மறுபடியும் போட்டு இணையுங்கள். கணினியைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து வைஃபைக்கான 'டிரைவர்' மென்பொருளைப் புதுப்பியுங்கள்.

பழைய மடிக்கணினிகள் சிலவற்றுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் அலையே தெரியாது. அவற்றுக்கு யு.எஸ்.பி.யில் செருகும் சிறு வைஃபை கருவி ஒன்றை மாட்டினால் புத்துயிர் வரும். புதிய கணினி வாங்குவதைவிட அது மிகவும் மலிவு. இன்னொன்று: விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. பழைய கணினியை விலைக்கு வாங்குமுன், அது விண்டோஸ் 11-ஐத் தாங்குமா என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள்.

வெளிவழியில் கோளாறு என்றால்

பெட்டிக்குப் பக்கத்திலேயே எல்லாக் கருவிக்கும் மோசம் என்றால், முதலில் மாத அளவு தீர்ந்துவிட்டதா என்று பாருங்கள். அளவு தீர்ந்ததும் இணையத்தை அறுக்காமல், வேகத்தை மட்டும் மிகவும் குறைத்துவிடும் திட்டங்கள் பல உண்டு. 'அளவில்லா டேட்டா' என்று விற்கும் தொலைபேசித் திட்டங்களிலும், ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி அளவு வைத்திருப்பார்கள். தொலைபேசியில் படம் நன்றாக ஓடும். கணினியில் மட்டும் நகராது. சிறிய எழுத்தைப் படிக்காமல் வாங்கினால் இப்படித்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு ஒன்றரை மெகாபிட் எடுக்கும் வகுப்பு, ஒரு மணி நேரத்தில் 675 மெகாபைட்டைத் தின்னும். மாதத்துக்கு இருபது மணி நேரம் என்றால் 13 கிகாபைட்டுக்கும் மேல். திட்டம் வாங்கும்போது இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி பழையது என்றால் அது எந்தத் தலைமுறை என்றும் பாருங்கள். நம் நாட்டில் 3ஜி சேவை 2021-ஆம் ஆண்டு இறுதியோடு நிறுத்தப்பட்டது. உறவினர் கொடுத்த பழைய 3ஜி மோடத்தில் இனி எத்தனை சிம் மாற்றினாலும் பயன் இல்லை.

கோபுரம் தூரத்தில் இருந்தால், எந்த நிறுவனத்தின் லைன் நம் தோட்டத்தில் நன்றாக எடுக்கிறது என்பதையும் சோதிக்க வேண்டும். அக்கா வீட்டுத் தொலைபேசி ஒரு நிறுவனம், மாமா வீட்டுத் தொலைபேசி வேறு நிறுவனம் என்று இருக்குமே! விருந்துக்கு வரும்போது நம் சன்னலோரத்தில் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். விளம்பரத்தை நம்புவதைவிட இது மேல். செம்பனை மரங்களும் அலையைக் குறைக்கும், மழையில் நனைந்த இலைகள் இன்னும் குறைக்கும். ஆகவே பெட்டியை உயரத்தில் வைப்பது இங்கேயும் உதவும். பெட்டியில் ஆன்டெனா செருகும் துளை இருந்தால், வெளியே மாட்டும் ஆன்டெனாவும் பலன் தரும். ஆனால் இடி மின்னல் வரும்போது மின் செருகியையும் ஆன்டெனாக் கம்பியையும் கழற்றிவிடுங்கள்.

இன்னொரு சோதனை மிகவும் முக்கியம்: நேரச் சோதனை. காலை, மாலை, இரவு என்று ஒரு வாரம் அளந்து எழுதுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில், இரவு ஒன்பது மணிக்கு ஒன்றரை மெகாபிட்டுக்கு மேல் வருவதில்லை. ஊரே படம் பார்க்கும் நேரம் அது. ஒரு கோபுரத்தை எல்லாரும் பங்கு போடுகிறார்கள். அதே வீட்டில் விடியற்காலை ஐந்தரைக்கு 12 மெகாபிட்! பிரட்டுக்குப் போகத் தாய் எழுந்து அடுப்பு மூட்டும் நேரத்தில் காற்று காலியாக இருக்கிறது. இதைக் கண்டுபிடித்தவன் அவ்வீட்டு இரண்டாம் படிவத்துப் பையன். பாடக் காணொளிகளை விடியற்காலையில் இறக்கி வைத்துக்கொண்டு, இரவில் இணையமே இல்லாமல் பார்க்கிறான். தாயோடு எழுந்து படிக்கும் பழக்கமும் வந்துவிட்டது. கோபுரத்தை அவனால் நகர்த்த முடியவில்லை. தன் நேரத்தை நகர்த்திக்கொண்டான்.

எப்பொழுது அளந்தாலும் மோசம் என்றால், புகார் செய்யத் தயங்காதீர்கள். முதலில் சேவை நிறுவனத்திடம் புகார் செய்து, புகார் எண்ணை வாங்கி எழுதிக்கொள்ளுங்கள். தீர்வு இல்லையேல், இத்துறையை மேற்பார்க்கும் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் போகலாம். "லைன் சரியில்லை" என்று ஒரு வரி எழுதினால் மதிப்பில்லை. நாள், நேரம், இடம், எண் ஆகியவற்றோடு ஒரு வாரக் குறிப்பை இணையுங்கள். ஒரு வீடு எழுதுவதைவிட, வரிசையிலுள்ள பத்து வீடுகளும் சேர்ந்து எழுதினால் பலம் அதிகம். தோட்டத்து மக்கள் ஒன்றுகூடிக் கேட்டுப் பெற்ற உரிமைகள் எத்தனையோ உண்டு. நல்ல லைனும் அவற்றில் ஒன்றாகட்டும்.

அதுவரை, அவசர மனுக்களுக்கு அருகிலுள்ள 'நாடி' இணைய மையத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம். முன்பு 'பெடி' என்று அறியப்பட்டவைதாம் இவை. மனுவின் கடைசி நாள் வரை காத்திருக்காமல், ஒரு வாரம் முன்னதாகவே போய்விட வேண்டும்.

வாங்குமுன் யோசியுங்கள்

கடையில் இரண்டு வகைக் கருவிகளை 'பூஸ்டர்' என்ற ஒரே பெயரில் விற்கிறார்கள். ஒன்று, வீட்டு வைஃபையை வாங்கி மறுபடி பரப்பும் கருவி. இது உள்வழிக் கோளாறுக்கு மட்டுமே உதவும்; வெளிவழி மோசமாக இருந்தால் மோசத்தைத்தான் பரப்பும். அதை லைன் எட்டாத அறையில் வைக்கக் கூடாது. பெட்டிக்கும் அறைக்கும் நடுவே, லைன் இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும். மலிவான வகைகளில் வேகம் பாதியாகக் குறையும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

மற்றொன்று, தொலைபேசிக் கோபுரத்தின் அலையையே பெருக்கும் கருவி. ஆணையத்தின் சான்று பெறாத இத்தகைய கருவியைப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம். அது நம் வீட்டுக்கு லைன் கொடுக்கப் போய், சுற்று வட்டாரத்தின் லைனையே கெடுத்துவிடும். யார் எவ்வளவு இனிக்கப் பேசினாலும் வாங்காதீர்கள்.

பிள்ளையின் கையில் நோட்டைக் கொடுங்கள்

பெற்றோர்களே, இந்தச் சோதனைகள் எல்லாவற்றையும் நீங்களே செய்ய வேண்டும் என்பதில்லை. பத்து வயதுப் பிள்ளையால் செய்ய முடியும். பிள்ளையிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, கோடு போட்டு, "நாள், நேரம், இடம், கருவி, இறக்கம், ஏற்றம்" என்று ஆறு கட்டங்கள் வரையச் சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றத்தைத்தான் செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள். பெட்டியையும் நகர்த்தி, தடத்தையும் மாற்றி, புதுப்பிப்பையும் நிறுத்திவிட்டால், எது குணமாக்கியது என்று யாருக்கும் தெரியாது. ஊகிப்பது, அளப்பது, மாற்றுவது, மறுபடி அளப்பது இதைத்தான் நாங்கள் பள்ளியில் அறிவியல் பாடம் என்று கற்பிக்கிறோம்.

"நீ படம் பார்த்ததால்தான்" என்ற பழியைப் பிள்ளையின் மேல் போடுமுன், அந்த நோட்டைத் திறந்து பாருங்கள். வகுப்பிலிருந்து விழுந்துகொண்டே இருக்கும் பிள்ளை, முதலில் வெட்கப்படும்; பிறகு சலிப்படையும்; கடைசியில் படிப்பையே விட்டு ஒதுங்கும். மூன்று சுவருக்கு அப்பால் வைத்த ஒரு பெட்டிக்காக ஒரு பிள்ளையின் படிப்பு நின்று போகலாமா?

வருகிற ஞாயிற்றுக்கிழமை, காலைப் பசியாறிய கையோடு, முதல் எண்ணை அளந்து எழுதுங்கள்.